மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு கோடு

எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரில், இடுப்புயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கரிக்கோடு இருக்கிறது. மூன்று முறை வெள்ளையடித்தாயிற்று. அந்தக் கோட்டின் மேல் மட்டும் சுண்ணாம்பு படவில்லை. கோடு போட்டவன் நான். போடச் சொன்னவர் நங்கையா. அண்ணன் மனைவியை எங்கள் பெருந்துறைப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

விடிவதற்கு முன் சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டுபோவது அண்ணன் வேலை. அவருடைய பழைய பைக்கில் ஹெட்லைட் நேராக இன்ஜினிலிருந்து எரிந்தது. வேகமாகப் போனால் பளிச்சென்று இருக்கும், மெதுவாகப் போனால் மங்கும். ரோடு தெரியவேண்டுமானால் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். இதைவிடக் கிறுக்குத்தனமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார், வெளிச்சமும் குறைந்தது, ஜல்லிக் குவியலில் ஏறிக் கால் முறிந்தது. பாலை வீட்டுக்கு வரும் வியாபாரிக்கே ஊற்றிவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். நங்கையா மசியவில்லை. "வண்டிய நானு ஓட்டறனுங்க. மொதல்ல லைட்டச் சரி பண்ணோணும்" என்றார்.

பெரிய பல்பு போட்டோம். ஒரே வாரத்தில் ஹோல்டர் உருகிவிட்டது. "பழைய வண்டிக்கு இவ்வளவுதானுங்க அம்மணி" என்று மெக்கானிக் கையை விரித்தார். நங்கையா பட்டறை வாசலைவிட்டு நகரவில்லை. கடைசியில் மெக்கானிக்கே பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, ரிலேயும் பியூஸும் வைத்து, எல்.இ.டி. பல்பு மாட்டிக் கொடுத்தார். வண்டி நின்றால்கூட வெளிச்சம் மங்கவில்லை. கொட்டகைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சம் விழவேண்டிய உயரத்தில் கோடு போட்டு, ஹெட்லைட் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்தேன். எனக்கு ஒரே பெருமை.

மறுநாளே, எதிரே மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் கண் கூசி வேலிக்குள் போய் விழுந்தார். நங்கையா ஓடிப்போய்த் தூக்கினார். வேட்டியில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டே பெரியவர் கேட்டாராம்: "ஏனுங்க அம்மணி, நீங்க ரோட்டப் பாக்கறதுக்கு நானு கண்ண மூடிக்கோணுமுங்களா?" திட்டியிருந்தால் நங்கையா தாங்கியிருப்பார். அந்த மரியாதைதான் குத்திவிட்டது.

வீடு திரும்பியவர், "வெறும் வண்டில வெச்சுப் பாத்துப்போட்டமே தம்பி" என்றார். பின்னால் இரண்டு கேன் பால் தொங்கினால் முன்பக்கம் தூக்கும் என்பது இன்ஜினியரிங் படித்த எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாகப் போயிற்று. கேன்களில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, அவரும் ஏறி உட்கார்ந்தார். வெளிச்சம் கோட்டுக்கு ஒரு முழம் மேலே நின்றது. கோட்டுக்கு இறங்கும்வரை என்னை விடவில்லை. அதன்பிறகு ஒரு நாளும் பால் நிற்கவில்லை. கால் தேறிய பிறகும் அண்ணன் கைக்குச் சாவி போகவில்லை.

நங்கையா இறந்து ஒரு வருடமாகிறது. போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து புது பைக்கில் ஊருக்குப் போனேன். அண்ணன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். வெளிச்சம் சரியாகக் கோட்டில் விழுந்தது. "கம்பெனிலயே சரியா வெச்சிருக்காங்கண்ணா" என்றேன். அவர் தாங்கித் தாங்கி நடந்துவந்து, என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வெளிச்சம் கோட்டைத் தாண்டி மேலே போயிற்று.

"ஸ்க்ரூவத் திருகு. அவ இருந்தா இப்பிடியே உட்டுருப்பாளா?"

திருகினேன். கண் கலங்கியிருந்ததால் கோடு எனக்குத் தெரியவில்லை. அண்ணன்தான் பின்னாலிருந்து பார்த்துச் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் கீழ."