அப்பா சாட்சிக் கூண்டில் நின்ற நாள்

எங்கள் அப்பா பாறசாலைக்குத் தெற்கே, கேரள எல்லையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, செங்கல் சூளையில் வேலை செய்தபடியே படித்து, காவல் பணியில் சேர்ந்தார்கள். யாரிடமும் கைநீட்டி ஒரு சாயா வாங்கிக் குடித்தவர்கள் அல்ல. இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"அந்தக் கேசு கதய எதுக்கு மக்கா எழுதுக? ஆளு போயாச்சுல்லா" என்றார்கள் அம்மா. இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அது தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய வழக்கொன்றில் சாட்சி சொல்ல அப்பாவுக்குச் சம்மன் வந்தது. உதியன்குளங்கரை சந்திப்பில் ஒரு மதிய நேரம் ஓர் ஆட்டோவில் கஞ்சா பிடித்ததாக வழக்கு. அப்போது உடனிருந்த போலீஸ்காரர்களில் அப்பாவும் ஒருவர் என்று எழுதியிருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. நான்தான் கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் அப்பா தடையின்றிச் சொன்னார்கள். பிறகு ஆட்டோக்காரரின் வக்கீல் எழுந்தார். என் வயதுப் பெண். குரலை உயர்த்தவே இல்லை. ஆட்டோ எந்தப் பக்கம் பார்த்து நின்றது, பொட்டலத்தை யார் பிரித்தது, எடை பார்க்கத் தராசு எங்கிருந்து வந்தது என்று மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். தராசைப் பற்றிக் கேட்டதும் அப்பா தடுமாறினார்கள். "ஓர்மை இல்லை, ஞாபகம் வரல்ல" என்றார்கள்.

"ஆட்டோவைப் பிடித்த அன்று மதியம் உங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம் அல்லவா?"

ஆட்டோக்காரரின் உறவினர்கள் எங்கள் சபையிலும் உண்டு; அவர்கள் சொல்லித்தான் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். அன்று ஜெபம் முடிந்து, மதியப் பந்தியில் நின்று பரிமாறியவர்கள் அப்பா. லீவு எழுதிக் கொடுக்காமல், ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். பின்னர் மேலதிகாரி சாட்சியாகப் பெயரைச் சேர்க்க, மறுக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"அது காலையிலேயே முடிஞ்சுது. பிறகு டூட்டிக்குப் போனேன்."

"மகள் பின்னால்தான் இருக்கிறார். அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கட்டுமா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலை குனிந்தேன்.

"அவள விட்டிருங்க" என்றார்கள் அப்பா. "நான் அங்க இல்ல. ஒண்ணும் பாக்கல்ல."

ஆட்டோக்காரர் விடுதலையானார். ஆனால் அதற்கு முன்பே பல மாதம் சிறையில் கிடந்தவர் அவர். அந்த மாதங்களில் நாங்கள் பாலராமபுரத்தில் என் கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக்கொண்டிருந்தோம்.

தீர்ப்புக்குப் பிறகு காஞ்சிரங்குளத்தில் அவர் வீட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். அவர் மனைவி வெளியே வந்தார். "மன்னிக்கணும் மக்கா" என்றார்கள் அப்பா.

"அவரு உள்ள கிடந்தப்ப எம்பிள்ள அப்பா எங்கேன்னு கேட்டு அழுதுது. அதுகிட்ட நான் என்ன சொல்லியிருக்கணும்? நீரே சொல்லும்" என்றார் அவர். கதவைச் சாத்திவிட்டார்.

அதன்பிறகு அப்பா ஆராதனைக்கு வந்தாலும் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போனதில்லை. போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து அழைத்தார். "எனக்கு அதுக்கு யோக்கியத இல்ல ஐயரே" என்றார்கள். சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்க்கும், ரத்தம் தந்த வாலிபர்களுக்கும், அடக்க ஆராதனைக்கு வந்து எங்களோடு நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்த வக்கீலுக்கும் நன்றி. அவர் அன்று விடாமல் கேட்டிராவிட்டால் குற்றமற்ற ஒருவர் தண்டனை பெற்றிருப்பார். நாங்களும் ஒன்றும் அறியாமல், அப்பா வாழ்நாளில் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று இந்த மலரில் எழுதியிருப்போம்.

— மகள்