ஏழடிக் கழியும் சின்ன அடுப்பும்

எனக்கு எழுபத்திநாலு வயசு. அஞ்சு பேரை வளத்தேன், ஒருத்தரும் சோடை போகலை. மூணாங்கிளாஸோட என் படிப்பை நிறுத்திட்டாங்க, அதனால எழுத்து கோணலா இருக்கும். விஷயம் கோணல் இல்லை.

தேவனாம்பட்டினத்துல என் வீட்டை சுனாமி அலை அள்ளிக்கிட்டுப் போன மறுவருஷம், சிதம்பரத்துல இருக்கிற நடு மக வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். ஆனா சமையக்கட்டு அவரைப் பெத்தவங்க கையில, அதாவது என் சம்பந்தியம்மா கையில. எங்க ஜனம்தான். ஆனா அவங்க அப்பா காலத்துலயே கடலை விட்டுட்டு டவுனுக்கு வந்தவங்க. மீன் வாசனை வந்தா முந்தானையால மூக்கை மூடிக்குவாங்க. தின்னும்போது மட்டும் மூட மாட்டாங்க.

நாப்பது வருஷம் தலையில கூடை வெச்சு மீன் வித்தவ நான். என் அடுப்புல எனக்குப் பிடிச்சதைப் பொங்கித் தின்னவ. இங்க தட்டை வெச்சுக்கிட்டு அடுத்தவங்க கரண்டிக்குக் காத்திருக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டேன்.

“இது நிவாரண கேம்ப்பு இல்ல சம்பந்தியம்மா, திரும்பத் திரும்ப வரிசையில வந்து வாங்கறதுக்கு”ன்னாங்க.

பேரப்பிள்ளைங்க ரெண்டும் எதிர்ல இருந்தாங்க. என் மக தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

“ருசிக்காகக் கேக்கல. கை கழுவத் தண்ணி பத்தல, அதான்”ன்னேன்.

அவங்க கரண்டியைச் சட்டியில டங்குன்னு போட்டாங்க. “அவ்ளோ ரோஷம் இருந்தா நீங்களே புடிச்சி நீங்களே ஆக்கித் தின்னுங்க. பின்னாடிதான் வாய்க்கா போவுதே. இந்த வீட்டு ஆறு பேருக்கும் ஆவுற மாதிரி ஒரே ஒரு வேளை கொண்டாங்க. அன்னிலேருந்து சின்ன அடுப்பு ஒங்களுது. ஆனா கடையில வாங்கக் கூடாது, வலைக்காரனைக் கூப்புடக் கூடாது.”

ரெண்டு பர்னர் வெச்ச கேஸ் அடுப்பு. அதுல சின்னது எனக்கு. அன்னிக்கு உலகத்துல எனக்கு வேற எதுவும் வேண்டியிருக்கலை.

ஒண்ணு சொல்லிடறேன். மீனைப் பத்தி எல்லாம் தெரியும்னு பேசிக்கிட்டு இருந்தேனே தவிர, தூண்டில் கழியை நான் தொட்டதே கிடையாது. எங்க ஊர்ல பிடிக்கிறது ஆம்பளைங்க வேலை, அதுவும் வலையில. விக்கிறதும் அறுக்கிறதும்தான் எங்களுது. இதை வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. நேரா மூங்கில் கடைக்குப் போனேன். பன்னண்டு அடிக் கழி ஒண்ணு எடுத்துக் குடுன்னேன்.

“எதுக்கும்மா?”

“தூண்டிலுக்கு. வாய்க்கால்ல ஜிலேபிக் கெண்டை பிடிக்க.”

கடைக்காரன் சிரிச்சான். “வாய்க்காலே அவ்ளோ அகலம் இருக்காதே. அதுக்கு அந்தக் கரைக்கே போயி கையால புடிச்சிக்கலாமே.”

“நான் தேவனாம்பட்டினத்துக்காரி. மீன் எங்க நிக்கும்னு நீ எனக்குப் பாடம் எடுக்காத.”

கடல்காரங்க புத்தி அப்படித்தான். நல்ல மீனெல்லாம் தூரத்துல இருக்கும், எட்டிப் போனாத்தான் கிடைக்கும்னு எங்க ரத்தத்துல ஊறியிருக்கு. கழியைத் தோள்ல வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வழியா நடந்தேன். பின்னால வந்த ஆட்டோக்காரன், “யம்மா, கொடியேத்த எந்த ஊருக்குப் போற?”ன்னு கத்தினான். திரும்பிப் பார்த்தேன். கழியும் கூடவே திரும்புச்சு. அவன் குனிஞ்ச வேகத்தைப் பார்க்கணும்.

ரெண்டு நாள் மானம் போச்சு. கழியோட கனத்துல மணிக்கட்டு விட்டுப்போச்சு. தக்கை அமுங்கி, நான் கழியைத் தூக்குறதுக்குள்ள மீன் முள்ளுல வெச்ச மாவைத் தின்னுட்டுப் போயிடும். வேகமாத் தூக்கினா தூண்டில் முள்ளு போய் எதிர்க்கரை வேலிகாத்தான் புதர்ல மாட்டிக்கும். சம்பந்தியம்மா கொல்லையில வாய்க்காலுக்கு இறங்குற படிக்கட்டுல, கீழ்ப்படியில உக்காந்து பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பார்ப்பாங்க.

“அந்தக் கரை மீனுக்கெல்லாம் நம்ம ரேஷன் கார்டுல பேரு இருக்கா சம்பந்தியம்மா?”

நான் புதர்ல மாட்டின முள்ளை இழுத்துக்கிட்டு இருந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அதே வாய்க்கால்ல வலை போடுறவன்கிட்ட அவங்க ஜிலேபி வாங்கினாங்க. அறுக்கிற வேலை எப்பவும் என் தலையிலதான். குடலை இழுத்துப் போடப்போனவ, சும்மா கீறிப் பார்த்தேன். உள்ள பாசி. பாசிக்கு நடுவுல நாலு சோத்துப் பருக்கை, ஒரு தாளிச்ச கடுகு. அறுவாமனையில அப்படியே உக்காந்துட்டேன். இது தூரத்துல மேயற மீன் இல்லை. படியடியில நின்னுக்கிட்டு, எங்க வீட்டுப் பாத்திரம் கழுவுன எச்சிலைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. நான் அதும் தலைக்கு மேல முள்ளை வீசிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் நிதானமா அளந்தேன். கீழ்ப்படியில உக்காந்தா என் நிழல் தண்ணியில விழுது, மீன் கலையுது. மேல்படியில உக்காந்தேன். கழி நுனி கடைசிப் படியைத் தாண்டி ஒரு முழம் தள்ளி நிக்கிற வரைக்கும் கையை ஏத்திக்கிட்டே வந்தேன். கை நின்ன இடத்துல கரிக்கோடு போட்டேன். முழங்கைக்கு முட்டுக்கொடுக்க இன்னும் ஒரு முழம் விட்டு அறுத்துப் போட்டேன். ஏழடி வந்துச்சு. முள்ளு கட்டுற நரம்பும் அதே ஏழடி. கையில வெச்சா குடைக்கம்பு மாதிரி லேசா இருந்துச்சு.

மறுநாள் காலையில அதைப் பார்த்ததும் சம்பந்தியம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்களை முட்டாள்னு மட்டும் நான் எப்பவும் சொல்ல மாட்டேன். தேய்க்க வேண்டிய பாத்திரத்தையெல்லாம் அன்னியிலேருந்து முன்வாசல் குழாயடிக்குத் தூக்கிட்டாங்க. அங்க தண்ணி சொட்டு சொட்டாத்தான் வரும். ஒரு குண்டானுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் அங்கயேதான் தேய்ச்சாங்க. படியில பருக்கை விழறது நின்னுபோச்சு, மீனும் போயிடுச்சு.

சரின்னு என் தட்டுல பாதிச் சோத்தை மிச்சம் வெச்சேன். மத்தியானம் ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி, படிக்குப் போய்க் கரைச்சு விட்டேன். வயிறு காந்தும். அஞ்சாவது நாள் மீன் திரும்பி வந்து, படியடியில தண்ணி புள்ளி புள்ளியாக் கொதிச்சுது.

ஆறாம் நாள் வெயில் ஏறுறதுக்குள்ள பதினாறு மீன். எல்லாம் உள்ளங்கை அகலம். சட்டியோட கொண்டுபோய் அவங்க காலடியில வெச்சேன்.

ஒவ்வொண்ணா வாலைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தாங்க. “இது குஞ்சு, கணக்குல வராது. இதுவும் வராது.”

“நாலைத் தள்ளுங்க. பன்னண்டு இருக்கு. ஆளுக்கு ரெண்டு.”

அப்புறம் பெரிய அடுப்புல இருந்த பால் பாத்திரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, சின்னதுல என் சட்டிக்கு இடம் விட்டுட்டு வெளியே போயிட்டாங்க. நான் குழம்பு வெச்சேன், தேங்கா போடாம, புளி தூக்கலா. எல்லாரும் தின்னாங்க. அவங்க மட்டும் ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு மோர்ச்சோறு தின்னாங்க. அவங்க பங்கு ரெண்டையும் நானே தின்னேன்.

ஏழு வருஷம் ஆச்சு. சின்ன அடுப்பு இன்னும் என்னுதுதான். நான் சட்டியை ஏத்தின கொஞ்ச நேரத்துல, தண்ணி குடிக்க வர்ற மாதிரி வந்து சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகி மூடிட்டுப் போவாங்க. நான் போய்த் திறப்பேன். ஒரு குழம்புக்கு மூணு தடவை. அவங்களும் விடலை, நானும் விடலை.

பேத்தி காலேஜ் முடிஞ்சு வந்துட்டா. கண்ணு, இதை ஒருவாட்டி படிச்சுக் காட்டு, எங்கயாவது எழுத்து விட்டிருந்தா சொல்லு. இங்க வேணாம், முன்ரூமுக்கு வா. அவங்க அங்கதான் டிவி பார்த்துக்கிட்டு இருக்காங்க. டிவியை நிறுத்திட்டுப் படி. அவங்களுக்குக் காது வேற மந்தமாயிடுச்சு, கொஞ்சம் சத்தமாவே படி.