எஞ்சினின் முன்பக்கம்

என் கணவர் ரயில் ஓட்டுகிறவர். நான் பல் டாக்டர். வீட்டில் ரயில் பைத்தியம் எனக்குத்தான், அவருக்குத் துளியும் கிடையாது. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் எங்கள் பிளாட்டின் பின்னறையில் பத்து வருடமாக மேஜை நிறையப் பொம்மைத் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறேன். அவர் அந்த அறைக்குள் வருவது இஸ்திரிப் பெட்டி எடுக்க மட்டும். "நாள் முழுக்க அதுலதான் கெடக்கேன். வீட்டிலயும் ரயிலா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவையாவது அவரை அந்த மேஜை முன்னால் நிற்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம். இப்போது அவர் ஓட்டுவது மின்சார எஞ்சின். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓட்டிய டீசல் எஞ்சினைப் பற்றி மட்டும் எப்போதாவது வாய் திறப்பார். அதையே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நம் ஊர் எஞ்சினின் மாடல் கடையில் கிடைப்பதில்லை. ஆனால் அதற்குப் பெரியப்பா பிள்ளை முறையாகும் அமெரிக்க டீசல்கள் கிடைக்கும். உடைந்துபோன இரண்டை ஆன்லைனில் வாங்கினேன். ஒன்றில் மேல்கூடு நன்றாக இருந்தது, மோட்டார் செத்திருந்தது. மற்றதில் மோட்டார் ஓடியது, கூடு நொறுங்கியிருந்தது. பார்சலைப் பிரித்து அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் வெட்டி ஒட்டினால் ஒன்று பிழைக்கும்.

பார்த்துச் செய்ய ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. அதே வகை எஞ்சின்களின் படங்கள் நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் எனக்கு வேண்டியது அவருடைய எஞ்சின். போட்டோ ஆயுத பூஜையன்று ஷெட்டில் எடுத்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, எஞ்சினின் முகம் முழுக்கச் சாமந்தி மாலை, பக்கத்தில் ஒல்லியாக என் கணவர். பக்கவாட்டில் நம்பர் தெரிந்தது, மாலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவரிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்று மட்டும் நிச்சயம் என்று நினைத்தேன். மாலை போட்ட பக்கம்தான் முன்பக்கம். டிரைவர் அறையும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, நீளமான மோட்டார் பகுதி பின்னால். பஸ்ஸிலும் டிரைவர் முன்னால்தானே உட்காருகிறார்.

கிளினிக்கில் மத்தியான இடைவேளைகளில் வேலை நடந்தது. பல் துளைக்கும் டிரில்லால் கூட்டை அறுத்தேன். அறுத்ததில் காற்று போகும் சல்லடைகளில் ஒன்றுதான் முழுசாக மிஞ்சியது. அதன்மேல் பல் அளவெடுக்கும் பசையை அழுத்தி அச்செடுத்து, பல்செட் செய்கிற ரோஸ் அக்ரிலிக்கில் இன்னும் மூன்று வார்த்தேன். நோயாளிகளின் பல் அச்சுகளோடு அவையும் தட்டில் காய்ந்தன. மலையாளியான என் உதவியாளர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரே, இது யாருடெ பல்லு?"

"எஞ்சினோட பல்லு."

"அதுக்கு வேதனை உண்டோ?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு, பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் இஸ்திரிப் பெட்டிக்காக உள்ளே வந்தார். முகப்பு விளக்கு எரிய, எஞ்சின் மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ட்ரோலரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெட்டியை எடுத்தவர் குனிந்து எஞ்சினின் நம்பரைப் படித்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"இது எனக்க வண்டியாக்கும்."

எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. அடுத்த நிமிடமே அவர் எஞ்சினை நிறுத்தி, தூக்கி, முன்பின்னாகத் திருப்பி வைத்து ஓட்டினார். நீளமான பகுதி முன்னால் போக, நான் உயிரைக் கொடுத்துப் பொருத்திய விளக்கு வாலில் எரிந்தது. சுர்ரென்று கோபம் வந்தது.

"ஆறு மாசம் உட்காந்து செஞ்சிருக்கேன். போட்டோல மாலை இந்தப் பக்கந்தானே கெடக்கு?"

"அன்னைக்கு ஷெட்டுல அது அப்படி நின்னுது, மாலையும் அதுல விழுந்துது. நான் ஓட்டினதெல்லாம் இப்படித்தான். இந்த நீளம் மறைச்சு முன்னால ஒண்ணும் தெரியாது, கேட்டியா. கழுத்த இப்படி நீட்டி..." என்று தலையை இடது பக்கம் சாய்த்துக் காட்டினார்.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கழுத்து வலி என்று அப்படித்தான் படுக்கிறார். நான் தலையணையை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். எதனால் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "வளவுல சிக்னல் எனக்குத் தெரியாது. கூட இருக்கவன் மறுபக்கத்திலிருந்து பாத்துச் சொல்லணும். நீ அங்க போ."

போனேன். வண்டி வளைவை நெருங்கியது.

"சிக்னல்?" என்றார்.

பார்த்தேன். அழகுக்காக நட்ட பிளாஸ்டிக் கம்பம், வாங்கிய நாளிலிருந்து ஒரே நிறம். "சிவப்பு."

வண்டி நின்றுவிட்டது.

"அது சும்மா பொம்மைங்க. எப்பவும் அப்படித்தான் இருக்கும். ஓட்டுங்க."

"சிவப்பத் தாண்டி நான் ஓட்டமாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகத்தில் சிரிப்பே இல்லை.

ஓடிப்போய்ப் பச்சைப் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்து வந்தேன். அவசரத்தில் கம்பமெல்லாம் வழிந்தது. மறுபடி என் இடத்தில் போய் நின்றேன். அவர் கன்னத்தை மேஜையோடு வைத்து, தலையை இடதுபுறம் சாய்த்துக் காத்திருந்தார்.

"சிக்னல்?"

"பச்சை."

"பச்சை," என்று திருப்பிச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.