அம்மை கண்ட வீட்டில் மாத்திரை

விழுப்புரத்தில் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ் வேலை என்றால் பாதி நேரம் மருந்து கொடுப்பது, மீதி நேரம் அந்த மருந்துக்குப் பயப்படுகிறவர்களோடு சேர்ந்து பயப்படுவது. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

முடி

செல்வி என் வயதுக்காரி. பெருமுக்கல் பக்கம் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் வேலை. புகையிலையைத் தொட்டதே இல்லை, நுரையீரலில் புற்று. அவளுடைய கட்டியைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரை ஒன்று பொருந்தும் என்று பரிசோதனையில் வந்தது. தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும், விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்றேன். முகத்தில் பரு கிளம்பும், வயிறு போகும், எதுவானாலும் எங்களிடம் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் அன்றே வந்துவிட வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. கேட்டுக்கொண்டே தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். டிரிப்பில் ஏற்றும் மருந்துக்குக் கொட்டுவதுபோல் முடி கொட்டாது என்றதும் முகம் இன்னும் வெளுத்தது.

"அப்போ இது நெசமாவே கேன்சருக்குக் குடுக்கறதுதானா சிஸ்டர்?"

நெஞ்செரிச்சல்

அவள் கணவர் ஏழுமலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஃபோன் செய்தார். நெஞ்சு எரிகிறது என்றாளாம். மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கியிருந்தார். அமிலத்தைக் குறைக்கும் சில மாத்திரைகள் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது, டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், நாட்டு மருந்தும் அப்படித்தான் என்றேன். பஸ் ஹாரனுக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"நோவுக்குப் பயந்துக்கினு இருந்தோம். இப்ப மாத்திரைக்கும் பயந்துக்கினு கீறோம்."

வேப்பிலை

மறுபரிசோதனைக்கு அவர்கள் வரவில்லை. ஃபோனில் ஏழுமலை குரலைத் தாழ்த்திப் பேசினார். முகமெல்லாம் முத்து முத்தாக எழும்பியிருக்கிறதாம். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று, வீட்டில் தாளிப்பதில்லை, கூழும் மோரும்தான். மாத்திரை போடுகிறாளா என்று கேட்டேன். அம்மை கண்ட வீட்டில் மாத்திரை கொடுக்கும் வழக்கமில்லை என்றார்.

மருந்தால் வந்ததாக இருக்கலாம், நிஜமாகவே அம்மையாகவும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது, உடனே கூட்டிவாருங்கள் என்றேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வெளியே அழைத்துவரக் கூடாதாம். பின்னால் அவள் இருமுவது கேட்டது. மாத்திரை ஆரம்பித்தபின் நின்றிருந்த இருமல் அது.

"ஆத்தாவுக்குக் கோவம் வந்துச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

ஸ்கேன்

தண்ணீர் ஊற்றிய பிறகு வந்தார்கள். மருந்தால் வந்த பருதான். டாக்டர் களிம்பு எழுதினார். புது ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார். கட்டி கொஞ்சம் பெருத்திருந்தது. நிறுத்தியதாலா, எப்படியும் பெருத்திருக்குமா, சொல்ல முடியாது. மறுபடி தொடங்கி அடுத்த ஸ்கேனைப் பார்ப்போம் என்றார்.

ஏழுமலை மருந்து வாங்கப் போனதும், செல்வியிடம், பரு வரும் என்று முதல் நாளே சொன்னேனே என்றேன். ஞாபகம் இருந்ததாம். 

"கேன்சர்னதும் சொந்தக்காரங்க எனக்கு டம்ளரையே தனியா வெச்சாங்க சிஸ்டர். ஆத்தான்னதும் எங்கால்ல வுழுந்து கும்புட்டாங்க. அதான் வாயத் தொறக்கல."

இப்போது புதிதாக மாத்திரை வாங்குகிறவர்களிடம், முகத்தில் எது எழும்பினாலும் முதலில் எங்களுக்கு ஃபோன் செய்யுங்கள், பிறகு கும்பிடுங்கள் என்கிறேன். செல்வியின் அடுத்த ஸ்கேன் வரும்வரை எனக்கும் கும்பிடும் அந்த இரண்டாவது வேலை மட்டும்தான் மிச்சம்.