எதிரில் ஆளில்லாத நேர்காணல்

படிப்பு முடிந்து, ஒரு மென்பொருள் ஆலோசனை நிறுவனத்துக்கு நான் கொடுத்த முதல் நேர்காணல் அது. ஆரணியில் எங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே நடந்தது. சத்தம் கேட்கக் கூடாதென்று பக்கத்து வீட்டு அமுதா அக்கா தன் விசைத்தறியை நிறுத்தி வைத்திருந்தார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன். திரையில் யாரும் வரவில்லை. கேள்வி எழுத்தாக வந்தது. ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே போனது. திரையில் தெரியும் என் முகத்தைப் பார்த்து நானே பதில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டுமாம். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கே என் பெயரை இரண்டு முறை சொன்னேன். தலையாட்டக்கூட ஓர் ஆள் இல்லையே!

முடிந்ததும் அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னாப்பா கேட்டாங்க?”

“யாருமே இல்லக்கா. நானே பேசிகினு இருந்தேன்.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். “சரி, என்கிட்ட சொல்லு. உன்னப் பத்தி.”

சொன்னேன். அந்த வேலை கிடைக்கவில்லை. பாதிகூடப் புரியாவிட்டாலும், நான் பேசி முடிக்கும்வரை அக்கா தறியை மறுபடி ஓட்டாமல் உட்கார்ந்திருந்தது மட்டும் மனதில் நிற்கிறது.