கேப்பர் மலையில் அறுந்துபோன பாதை

என் ஊர் சிதம்பரம். மேடு என்று சொல்ல ரயில்வே பாலம்தான் உண்டு. புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கிய எனக்கு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசை. 2010 கோடையில், கடலூர் கேப்பர் மலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சைக்கிளோடு போனேன்.

“முந்திரித் தோப்புக்குள்ள ஒத்தையடிப் பாதை ஜாஸ்தி மச்சான். படிக்கிறப்ப நான் அதுலதான் சைக்கிள்ல எறங்குவேன்” என்று அக்கா கணவர் வழி சொன்னார்.

மறுநாள் காலை அந்தச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். ஒரு வளைவில், முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருவர் கத்தியபடி ஓடிவந்து, கையிலிருந்த கூடையைச் சக்கரத்தின் முன் வீசினார். சைக்கிளோடு விழுந்தேன். முழங்கையில் ரத்தம்.

“பைத்தியமா புடிச்சிருக்கு?” என்று கத்திவிட்டேன்.

“எழுந்து அங்க பாருங்க” என்றார் அவர்.

பத்தடி தள்ளிப் பாதையே இல்லை. செம்மண் வெட்டியெடுத்த பள்ளம், இரண்டு ஆள் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கியது. எதிர்ப்பக்கம் அதே பாதை ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது.

“நேத்துதான் வெட்டுனாங்க. காலையில நானே விழப் பாத்தேன்.”

சிதறிய கொட்டைகளை அவரோடு பொறுக்கி முடித்த பிறகுதான் மன்னிப்புக் கேட்கவே எனக்கு வாய் வந்தது.

இப்போதும் பாதை தேடிப் போகிறேன். ஆனால் முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசிவரை நடந்து பார்க்கிறேன். அன்றன்றைக்கு அங்கே வேலை செய்கிறவர்களிடம், “பாதை இன்னும் இருக்குதுங்களா?” என்று கேட்ட பிறகே பெடலை மிதிக்கிறேன்.