மதுரவல்லி எனக்குச் செய்த துரோகம்

இன்று மயூர் விஹார் போகும் மெட்ரோவில் என் சாம்ராஜ்யம் சரிந்தது.

நாற்பது வருடங்களாக நான் பூஜிக்கும் எழுத்தாளர் மதுரவல்லி. காதல் நாவல், துப்பறியும் கதை, ஊறுகாய்ப் புத்தகம் என்று அந்த அம்மாள் எழுதிய எதையும் விட்டதில்லை. இன்றும் கையில் அவர் நாவல்தான்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"அச்சா, இன்னும் இதைப் படிக்கறீங்களா? மதுரவல்லின்னு யாரும் கிடையாது சார். பதிப்பகத்துல வெச்ச பேரு. ஆம்பளைங்க மூணு பேர் எழுதினோம். ஊறுகாய் என்னோடது."

யமுனை அப்படியே திரும்பி இமயமலைக்கு ஓடியது.

பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே, "கட்டிக்கொள்ளலாமா?" என்று மதுரவல்லிக்குக் கடிதம் போட்டவன் நான். "தயங்காதே தம்பி" என்று பதில் வந்த பிறகுதான் தாலியே வாங்கினேன்.

புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன். "வாசகர் கடிதத்துக்கெல்லாம் யார் சார் பதில் போட்டது?"

"மத்த ரெண்டு பேருக்கும் ஏது நேரம்? எல்லாம் நான்தான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"காதல் நாவல் எழுதினவர் பதில் போட்டிருந்தா, 'வேண்டாம்'னு சொல்லி என்னைக் காப்பாத்தியிருப்பார்."

நண்பர்களே, ஏமாந்தது நானா, அவளா? தீர்ப்பைக் கீழே எழுதுங்கள். தயவுசெய்து சொந்தப் பெயரில்.